சுவரில் மோதிய விமானமும் மூடாத கேட்டும்

கடலூர் மாவட்டத்துக் கருவேப்பிலங்குறிச்சியில் ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்குப் பெட்டி படுக்கையோடு ஒரு வேன் கிளம்புகிறது என்றால், அநேகமாக அது திருச்சி விமான நிலையத்துக்குத்தான். பெயரையும் போன் நம்பரையும் கொட்டை எழுத்தில் எழுதிக் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி, முறுக்கும் ஊறுகாயும் வைத்துத் திணித்த பை, முன்சீட்டில் துபாய்க்கோ மஸ்கட்டுக்கோ போகிற பிள்ளை, பின்னால் வழியனுப்ப வரும் அம்மா, சித்தப்பா, மாமா. ஜெயங்கொண்டம் தாண்டி, அரியலூர் தாண்டி, நள்ளிரவில் விமான நிலைய வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் “உள்ள வந்து உக்காந்துட்டேன்மா” என்று போன் வரும் வரை அம்மா கண்மூட மாட்டார்.

2018 அக்டோபர் 12 அதிகாலை. இப்படி வழியனுப்பப்பட்ட 130 பயணிகளோடும் 6 ஊழியர்களோடும் திருச்சியிலிருந்து துபாய்க்குக் கிளம்பியது ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 611. மேலே ஏற வேண்டிய இடத்தில் ஏறவில்லை. ஓடுபாதையின் கோடி வரை போய்த் தாமதமாக எழும்பி, அங்கிருந்த வழிகாட்டி ஆன்டெனாக்களைச் சிதைத்து, விமான நிலையத்தின் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டுதான் வானத்துக்குப் போனது. ‘விமானம் மோதியிருக்கலாம்’ என்று டவரிலிருந்து பைலட்டுகளுக்குத் தகவல் போனது. காக்பிட்டில் இருந்த கருவிகள் எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டவே, விமானம் தொடர்ந்து பறந்தது. பிறகு மும்பைக்குத் திருப்பிவிடப்பட்டு, விடியும் நேரத்தில் பத்திரமாக இறங்கியது. இறங்கிய பிறகு பார்த்தால், வயிற்றுப் பகுதி கிழிந்திருந்தது. அந்த 136 பேரும் அதே வயிற்றின் மேல் உட்கார்ந்துதான் அரபிக் கடலுக்கு மேலே பறந்திருக்கிறார்கள்.

அடுத்த நாள் பத்திரிகைகளில் இடிந்த சுவரின் படமும், இரண்டு பைலட்டுகளும் பறக்கும் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்ட செய்தியும் வந்தன. பெரும்பாலானவர்களுக்கு அந்தச் சம்பவம் அத்தோடு முடிந்தது. தப்பு செய்தவர்கள் பிடிபட்டார்கள், நடவடிக்கை எடுத்தாயிற்று.

விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவின் விசாரணை அதோடு நிற்கவில்லை. விமானம் வேகமெடுத்து ஓடிக்கொண்டிருந்தபோது கேப்டனுடைய இருக்கையின் முதுகுப் பகுதி திடீரெனப் பின்னால் சரிந்திருக்கிறது. அந்தத் தடுமாற்றத்தில் அவர் கையில் இருந்த விசைக்கோல் பின்னுக்கு இழுபட்டு இன்ஜினின் வேகம் குறைந்தது. குறைந்ததை இருவருமே கவனிக்கவில்லை. ஓடுபாதை தீரப்போகிற நேரத்தில்தான் ஏதோ சரியில்லை என்று தெரிந்திருக்கிறது.

இப்போது சொல்லுங்கள், இது யாருடைய தப்பு? இன்ஜின் விசையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியது பைலட்டின் கடமை, அதில் அவர்கள் தவறினார்கள். டவர் எச்சரித்த பிறகும் பயணத்தைத் தொடர்ந்தார்கள். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு நாற்காலி சாய்ந்தால் 136 உயிர் ஊசலாடும் என்றால், அந்த நாற்காலியைப் பராமரித்தது யார், அந்தக் கோளாறு வேறெந்த விமானத்தில் இருக்கிறது என்று கேட்பதுதான் அடுத்த விமானத்தில் ஏறுகிற பிள்ளையைக் காப்பாற்றும். பைலட்டை வீட்டுக்கு அனுப்பினாலும் நாற்காலி அங்கேயேதான் இருக்கும்.

*

இந்தக் கேள்வியைக் கடலூர் மாவட்டத்துக்காரர்களிடம் விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. 2025 ஜூலை 8-ம் தேதி காலை, கடலூருக்கும் ஆலப்பாக்கத்துக்கும் நடுவே செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில், விழுப்புரம் - மயிலாடுதுறை பாசஞ்சர் ரயில் ஒரு பள்ளி வேன் மீது மோதியது. பள்ளிக்குக் கிளம்பிய மூன்று பிள்ளைகள் போய்விட்டார்கள். அதில் இருவர் அக்கா, தம்பி.

அன்றே கேட் கீப்பர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார், கைதும் செய்யப்பட்டார். மூடாத கேட்டை மூடிவிட்டதாக அவர் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொன்னார் என்பது ரயில்வே விசாரணையில் வந்த குற்றச்சாட்டு. அது உண்மையென்றால் அதற்கு மன்னிப்பே கிடையாது. மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளிடம் போய் ‘அமைப்பின் கோளாறு’ என்று பாடம் நடத்த யாருக்கும் வாய் வராது, வரவும் கூடாது.

ஆனாலும் அந்த கேட்டின் கதையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். அது ‘இன்டர்லாக்’ செய்யப்படாத கேட். இன்டர்லாக் உள்ள கேட்டில், கேட் மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்குப் பச்சை விளக்கு விழும். கேட் கீப்பர் தூங்கினாலும், மறந்தாலும், பொய்யே சொன்னாலும் சிக்னல் அவர் பேச்சைக் கேட்காது, பூட்டின் பேச்சைத்தான் கேட்கும். இன்டர்லாக் இல்லாத கேட்டில் இருப்பது ஒரு போன். ரயில் வருகிறது என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொல்ல, மூடிவிட்டேன் என்று கேட் கீப்பர் சொல்ல, இருவரும் ஒரு ரகசிய எண்ணைப் பரிமாறிக்கொள்வார்கள். நோட்டில் அந்த எண்ணை எழுதிவிட்டால் கேட் மூடியதாக அர்த்தம். அவ்வளவுதான் அங்கே இருந்த பாதுகாப்பு. அந்த இடத்தில் சுரங்கப்பாதை கட்ட முழுச் செலவையும் தாங்களே ஏற்றுக்கொண்டும், மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி ஒரு வருடமாகக் கிடைக்கவில்லை என்று தெற்கு ரயில்வே அன்றே அறிக்கை விட்டது. பிள்ளைகளின் உடல்கள் மருத்துவமனையில் இருக்கும்போதே இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே ஒரு ஃபைல் பந்தாக உருண்டது.

விபத்துக்கு அப்புறம் எல்லா கேட்டுகளிலும் சிசிடிவி கேமரா, இன்டர்லாக்கிங் வேலையில் வேகம், கேட் கீப்பர் - ஸ்டேஷன் மாஸ்டர் பேச்சுப் பதிவுகளைத் திடீர் திடீரென்று சோதிப்பது என்று ரயில்வே அமைச்சர் வரிசையாக உத்தரவு போட்டார். எல்லாம் நல்ல உத்தரவுகள்தான். ஜூலை 7-ம் தேதியும் போட்டிருக்கக்கூடிய உத்தரவுகள்.

*

விருத்தாசலம் ஜங்ஷனிலிருந்து திருச்சி பக்கம் போகிற ரயிலில் ஏறி உட்கார்ந்தால் பெண்ணாடம், செந்துறை, அரியலூர். அதைத் தாண்டினால் மருதையாறு. 1956 நவம்பர் 23-ம் தேதி விடியற்காலை, இதே விருத்தாசலம் வழியாக வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அந்தப் பாலத்தில்தான் விழுந்தது. மழை வெள்ளம் பாலத்தின் ஓரக் கரையை அரித்திருந்தது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் அதை ‘அரியலூர் ரயில் விபத்து’ என்று ஒற்றைச் சொல்லாகத்தான் சொல்வார்கள்.

ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அதே ஆண்டு மெகபூப்நகரில் நடந்த விபத்துக்கே அவர் ராஜினாமா கொடுத்து, நேரு ஏற்காமல் திருப்பியிருந்தார். அரியலூருக்குப் பிறகு ஏற்க வேண்டியதாயிற்று. துணை அமைச்சராக இருந்த ஓ.வி. அழகேசன் பெயரை அடுக்குமொழியில் கோத்து எழுப்பிய முழக்கம் தேர்தல் மேடைகளில் வருஷக்கணக்கில் ஒலித்தது.

சாஸ்திரியின் ராஜினாமாவை இந்த நாடு இன்னும் பெருமையாகச் சொல்கிறது. சொல்லத்தான் வேண்டும். தண்டவாளம் போட்டவரையோ டிரைவரையோ கைகாட்டாமல், தலைமையில் இருப்பவர் தன் தோளில் ஏற்றிக்கொண்ட பொறுப்பு அது. அதற்குப் பிறகு வந்த விபத்துகளில் அந்த உயரத்துக்குப் பொறுப்பு ஏறியது அபூர்வம், பெரும்பாலும் கீழ்ப்படிக்கே இறங்கியது. ஆனால் ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்: அமைச்சர் போனதால் மருதையாற்றின் கரை கெட்டிப்படவில்லை. வெள்ள நேரத்தில் பாலத்தை யார் சுற்றிப் பார்ப்பது, தண்ணீர் எந்த அளவைத் தாண்டினால் ரயிலை நிறுத்துவது, அந்தச் செய்தி நள்ளிரவில் எப்படிப் போய்ச் சேருவது என்ற கேள்விகளுக்கு ராஜினாமாக் கடிதத்தில் பதில் இருக்காது.

*

வானத்துக்கு வருவோம். இந்தியாவின் ஆகப் பெரிய விமான விபத்து 1996 நவம்பர் 12-ம் தேதி மாலை, ஹரியானாவின் சர்க்கி தாத்ரி நகருக்கு மேலே நடந்தது. டெல்லியிலிருந்து கிளம்பிய சவுதி போயிங் 747-ல் 312 பேர். பெரும்பாலோர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போன இந்தியத் தொழிலாளர்கள். கருவேப்பிலங்குறிச்சி வேனில் இருப்பது போன்ற அட்டைப்பெட்டிகள்தான் அதன் வயிற்றிலும் இருந்திருக்கும். எதிரே டெல்லிக்கு இறங்கிக்கொண்டிருந்த கஜகஸ்தானின் இல்யூஷின் 76-ல் 37 பேர். இரண்டும் நடுவானில் மோதின. 349 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. உலகில் இன்று வரை நடுவானில் இரு விமானங்கள் மோதியதில் இதுவே மிகக் கொடியது.

கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடியில் நில் என்று உத்தரவு. சவுதி விமானத்துக்கு 14,000 அடி. இடையில் ஆயிரம் அடி. எதிரே விமானம் வருகிறது, இத்தனை மைலில் இருக்கிறது, கண்ணில் பட்டால் சொல் என்று டெல்லி கன்ட்ரோலர் கஜகஸ்தான் விமானத்துக்கு எச்சரிக்கையும் கொடுத்தார். ஆனாலும் அந்த விமானம் 15,000-ல் நிற்காமல் கீழே இறங்கியது.

நீதிபதி ஆர்.சி. லகோட்டி விசாரித்தார். கன்ட்ரோலர் மீது தவறில்லை, உத்தரவிட்ட உயரத்தை மீறி இறங்கிய கஜகஸ்தான் விமானக் குழுவே காரணம் என்று முடிவாயிற்று. ஒரு வாக்கியத்தில் தீர்ப்பு கிடைத்துவிட்டது. குற்றவாளிகளும் உயிரோடு இல்லை. ஃபைலை மூடியிருக்கலாம்.

மூடாததுதான் அந்த விசாரணையின் பெருமை. அந்த இல்யூஷினில் டவரோடு பேசியது பைலட் அல்ல, தனியே உட்கார்ந்திருந்த ரேடியோ ஆபரேட்டர். அவர் முன்னால் உயரம் காட்டும் கருவி கிடையாது, பைலட்டுகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்க வேண்டும். குழுவினரின் ஆங்கிலம் அரைகுறை. கீழே டெல்லியிலோ, கன்ட்ரோலரின் திரையில் தெரிந்தது புள்ளிகள் மட்டும். விமானம் எங்கே இருக்கிறது என்று அந்த ரேடார் சொல்லும், எந்த உயரத்தில் இருக்கிறது என்று சொல்லாது. உயரம் தெரிய வேண்டுமானால் பைலட் வாயால் சொல்ல வேண்டும், இவர் நம்ப வேண்டும். உயரம் காட்டும் புதிய ரேடாரை நிறுவும் வேலை அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, டெல்லியைச் சுற்றியுள்ள வானத்தின் பெரும்பகுதி விமானப்படையின் கையில் இருந்ததால், வருகிற விமானமும் போகிற விமானமும் ஒரே பாதையில் எதிரெதிரே பறந்தன. ஒற்றைப் பாதையில் ஏறுவதும் இறங்குவதும்.

செம்மங்குப்பம் கேட்டின் போனை இங்கே நினைத்துப் பாருங்கள். “மூடிட்டியா?” “மூடிட்டேன்.” “பதினஞ்சாயிரமா?” “பதினஞ்சாயிரம்.” இரண்டு இடத்திலும் வாய்ச்சொல்லைச் சரிபார்க்க ஒரு கருவி இல்லை.

சர்க்கி தாத்ரிக்குப் பிறகு டெல்லியில் வரும் பாதையும் போகும் பாதையும் பிரிக்கப்பட்டன. உயரம் காட்டும் ரேடார் வந்தது. மோதலைத் தவிர்க்கத் தானே எச்சரிக்கும் கருவி இல்லாமல் பெரிய விமானங்கள் இந்திய வானத்துக்குள் வரக் கூடாது என்று விதி வந்தது. எந்தத் தனிமனிதரைத் தண்டித்தும் கிடைத்திருக்காத பாதுகாப்பு இது. திருச்சியிலிருந்து பறக்கும் ஒவ்வொருவரும் இன்று அதன் பலனைத்தான் அனுபவிக்கிறார்கள்.

*

மோதலைத் தவிர்க்கும் அந்தத் தானியங்கிக் கருவிக்கும் ஒரு கதை உண்டு. ஆளைப் பிடிப்பதில் காட்டும் அக்கறையை அமைப்பைத் திருத்துவதில் காட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடக் கசப்பான சாட்சி கிடைக்காது.

2001 ஜனவரி 31, ஜப்பான். பயிற்சியில் இருந்த ஒரு கன்ட்ரோலர், இரண்டு ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானங்களின் எண்களை மாற்றிச் சொல்லிவிட்டார். கீழே இறங்க வேண்டியது ஒன்று, அவர் இறங்கச் சொன்னது வேறொன்று. அந்த விமானத்தில் இருந்த கருவி ‘மேலே போ’ என்றது, கன்ட்ரோலர் ‘கீழே போ’ என்றார். பைலட் கன்ட்ரோலர் பேச்சைக் கேட்டார். இன்னொரு விமானமும் தன் கருவி சொன்னபடி கீழே இறங்க, இரண்டும் நூலிழையில் தப்பின. கடைசி நொடித் திருப்பத்தில் பயணிகள் கூரையில் போய் மோதி நூறு பேர் வரை காயப்பட்டார்கள். இரண்டிலும் சேர்த்து 677 பேர்.

கருவி ஒன்று சொல்கிறது, மனிதர் ஒன்று சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? இதற்கு உலகம் முழுக்கப் பொதுவான, சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு விதி அப்போது இல்லை. அந்த ஓட்டை ஜப்பானில் வெட்டவெளிச்சமானது. ஆனால் விதி மாறவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து, 2002 ஜூலை 1 நள்ளிரவு நெருங்கும் நேரம், ஜெர்மனியில் உபர்லிங்கன் நகருக்கு மேலே அதே ஓட்டையில் 71 பேர் விழுந்தார்கள். அதில் பெரும்பாலோர் ரஷ்யாவின் பாஷ்கிரியாவிலிருந்து விடுமுறைக்குப் போன குழந்தைகள். ரஷ்ய விமானத்தின் கருவி ‘மேலே’ என்றது, சுவிட்சர்லாந்து கன்ட்ரோலர் ‘கீழே’ என்றார். பைலட்டுகள் கன்ட்ரோலரைக் கேட்டார்கள். எதிரே வந்த சரக்கு விமானம் தன் கருவியைக் கேட்டுக் கீழே வந்தது.

அந்த இரவு ஜூரிச் கட்டுப்பாட்டு அறையில் என்ன நிலைமை என்று பாருங்கள். பணியில் இருக்க வேண்டியவர் இருவர். போக்குவரத்து குறைவு என்று ஒருவர் ஓய்வெடுக்கப் போவது அங்கே பழக்கம், மேலதிகாரிகளுக்கும் தெரிந்த பழக்கம். தனியாக இருந்தவர் இரண்டு திரைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தார். பராமரிப்பு வேலைக்காக ரேடாரின் எச்சரிக்கை வசதி முழுதாக இயங்கவில்லை. முதன்மைத் தொலைபேசி இணைப்பும் நிறுத்தப்பட்டிருந்தது, மாற்று இணைப்பில் கோளாறு. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ மையத்தில் இருந்த கன்ட்ரோலர் ஆபத்தைத் தன் திரையில் பார்த்துவிட்டுத் திரும்பத் திரும்ப போன் போட்டார். லைன் கிடைக்கவில்லை. தாமதமாக வந்த இன்னொரு விமானத்தை இறக்கப் பக்கத்து விமான நிலையத்துக்கு லைன் கிடைக்காமல் ஜூரிச் கன்ட்ரோலரும் அந்தப் பக்கமே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

மனைவியையும் இரு பிள்ளைகளையும் அந்த விமானத்தில் பறிகொடுத்த ஒருவர், 2004-ல் அந்த கன்ட்ரோலரின் வீட்டுக்கே போய் அவரைக் குத்திக் கொன்றார். அந்தத் தகப்பனின் வலியை யாராலும் அளக்க முடியாது. ஆனால் தனியே விடப்பட்ட ஒரு ஊழியர் மேல் மொத்தப் பழியும் போய்ச் சேர்ந்தால் அது எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு அந்த வீட்டு வாசல் சாட்சியாகிப்போனது. 2007-ல் சுவிட்சர்லாந்து நீதிமன்றம் சரியான கதவைத் தட்டியது. இரவில் ஒருவரை மட்டும் விட்டுவைக்கும் பழக்கத்தை அனுமதித்த, பராமரிப்பு வேலையைச் சரியாகத் திட்டமிடாத, அந்தக் கட்டுப்பாட்டு அறையை நடத்திய ஸ்கைகைடு நிறுவனத்தினர் நான்கு பேருக்குத் தண்டனை விதித்தது. அதில் மூவர் மேலாளர்கள்.

‘கருவி ஒன்றும் கன்ட்ரோலர் ஒன்றும் சொன்னால், கருவி சொல்வதைக் கேள்’ என்று உலக விதி தெளிவானது உபர்லிங்கனுக்குப் பிறகுதான். ஜப்பானில் என்ன நடந்தது தெரியுமா? எண்ணை மாற்றிச் சொன்ன பயிற்சி கன்ட்ரோலரும் அவருடைய மேற்பார்வையாளரும் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்து, 2010-ல் உச்ச நீதிமன்றம் வரை போய்க் குற்றவாளிகள் ஆனார்கள். சிறை நிறுத்திவைக்கப்பட்டது. வாய் தவறிச் சொன்ன ஓர் எண்ணுக்கு அந்தத் தண்டனை. இனி வாய் தவறுகிற எந்த கன்ட்ரோலர் தானாக வந்து “நான் மாற்றிச் சொல்லிட்டேன்” என்று ஒத்துக்கொள்வார்?

*

பயந்த ஊழியர் மறைப்பார். மறைத்த தப்பு அடுத்தவர் கையில் வெடிக்கும். இதை அமெரிக்கா 92 உயிர்களைக் கொடுத்துக் கற்றது.

1974 டிசம்பர் 1, வாஷிங்டனுக்கு அருகே டி.டபிள்யூ.ஏ. 514 ஒரு மலையில் மோதியது. ‘இறங்க அனுமதி’ என்று கன்ட்ரோலர் சொன்னதை, உடனே தாழ்வான உயரத்துக்கு இறங்கலாம் என்று பைலட் எடுத்துக்கொண்டார். கன்ட்ரோலர் நினைத்தது வேறு. கொடுமை என்னவென்றால், ஆறு வாரத்துக்கு முன்பே யுனைடெட் விமானம் ஒன்று அதே இடத்தில், அதே குழப்பத்தில் மயிரிழையில் தப்பியிருந்தது. யுனைடெட் தன் பைலட்டுகளை மட்டும் எச்சரித்தது. மற்றவர்களுக்குச் செய்தி போய்ச் சேர வழியே இல்லை.

அதற்குப் பிறகு 1976-ல் வந்ததுதான் நாசா நடத்தும் தன்னார்வ அறிக்கை முறை. தப்பு செய்த பைலட்டோ கன்ட்ரோலரோ பத்து நாளுக்குள் தானே எழுதிக் கொடுத்தால், அது வேண்டுமென்று செய்யாததாகவும் குற்றச்செயல் அல்லாததாகவும் இருந்தால், தண்டனை இல்லை. பெயரும் வெளியே போகாது. தண்டிக்கும் அதிகாரம் உள்ள விமானத் துறையிடம் கொடுத்தால் யாரும் நம்ப மாட்டார்கள் என்றுதான், தண்டிக்க முடியாத நாசாவிடம் இந்த வேலை ஒப்படைக்கப்பட்டது. பல லட்சம் அறிக்கைகள் வந்து குவிந்தன. விபத்தாக மாறாமல் போன பல லட்சம் தப்புகளின் கணக்கு அது.

இதற்கு ‘எல்லோரையும் மன்னித்துவிடு’ என்று அர்த்தம் கிடையாது. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் கைவந்தது. சூளையிலிருந்து இறக்கும்போது ஒரே ஒரு பொம்மை விரிசல் விட்டிருந்தால், அச்சிலிருந்து எடுத்தவர் கை அவசரப்பட்டிருக்கும், கூப்பிட்டுச் சொல்லலாம். ஒரு தட்டு முழுக்க விரிசல் என்றால் ஆளைத் திட்டிப் பிரயோசனமில்லை. களிமண் கலவையில் குறையா, ஈரம் காயாமல் ஏற்றினார்களா, சூட்டை வேகமாக ஏற்றினார்களா என்று பார்க்க வேண்டும். விரிசல் விட்ட பொம்மையை மறைத்துப் பெட்டியில் வைத்து அனுப்பியவரைத்தான் மன்னிக்கக் கூடாது.

விமானத் துறையிலும் கோடு இதே இடத்தில்தான் விழுகிறது. எண் மாறியது, காது தவறியது, களைப்பில் கண் தப்பியது – இவை மனிதத் தப்புகள், இவற்றைத் தாங்குகிற மாதிரி அமைப்பைக் கட்ட வேண்டும். குடித்துவிட்டுப் பணிக்கு வந்தவர், தெரிந்தே விதியை மீறியவர், மூடாததை மூடியதாகப் பதிவேட்டில் எழுதியவர் – இவர்களுக்குச் சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். இருவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவரை நிறுத்தி இருவர் வேலையைச் செய்யச் சொன்ன அதிகாரியும் இந்த இரண்டாவது பட்டியலில் வர வேண்டும். நம் நாட்டில் அவர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை என்பதுதான் குறை.

*

2025 ஜூன் 12-ம் தேதி அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171 விழுந்து, விமானத்தில் இருந்தவர்களில் 241 பேரும் தரையில் 19 பேரும் இறந்தார்கள். ஒரு மாதத்தில் வந்த முதற்கட்ட அறிக்கை, இன்ஜின்களுக்கு எரிபொருள் போகும் சுவிட்சுகள் அணைந்த நிலைக்கு நகர்ந்ததையும், ஒரு பைலட் ‘ஏன் அணைத்தாய்’ என்று கேட்க மற்றவர் ‘நான் அணைக்கவில்லை’ என்று சொன்னதையும் சில வரிகளில் பதிவு செய்தது. அந்தச் சில வரிகளை வைத்துக்கொண்டு டிவி விவாதங்களும் வெளிநாட்டுப் பத்திரிகைகளும் இறந்துபோன ஒரு பைலட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டன. அவருடைய வயதான தந்தை உச்ச நீதிமன்றத்தின் படியேறினார். உங்கள் மகனை யாரும் குறை சொல்ல முடியாது, இந்தப் பாரத்தை நீங்கள் சுமக்க வேண்டாம் என்று நீதிபதிகள் 2025 நவம்பரில் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

அதே நவம்பரில் டெல்லி விமான நிலையத்தில் பறப்புத் திட்டங்களைக் கன்ட்ரோலர்களுக்கு அனுப்பும் கணினி அமைப்பு படுத்துவிட்டது. கன்ட்ரோலர்கள் கையால் எழுதி எழுதி விமானங்களை அனுப்பினார்கள். 800-க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதம். அமைப்பு பழசாகிவிட்டது என்று கன்ட்ரோலர்கள் சங்கம் சில மாதங்களுக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தது. அன்றைக்கு ஏதாவது இரண்டு விமானங்கள் உரசியிருந்தால், அந்தக் கடிதத்தைப் படிக்காமல் வைத்திருந்தவர் பெயரா செய்தியில் வந்திருக்கும்? மைக் பிடித்திருந்த கன்ட்ரோலர் பெயர்தான் வந்திருக்கும்.

ஆள் பற்றாக்குறையும் களைப்பும் யாரும் கண்டுபிடிக்க வேண்டிய ரகசியம் இல்லை. விமானப் பாதுகாப்பை ஆராய்ந்த நாடாளுமன்ற நிலைக்குழு 2025 ஆகஸ்டில் கொடுத்த அறிக்கையில் எல்லாம் இருக்கிறது. கன்ட்ரோலர்கள் போதவில்லை, வேலைப்பளு அதிகம். அவர்களையும் விமான நிறுவனங்களையும் கண்காணிக்க வேண்டிய சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தில் அனுமதிக்கப்பட்ட 1,063 பணியிடங்களில் 553 மட்டுமே நிரம்பியிருந்தன. கிட்டத்தட்டப் பாதி நாற்காலி காலி.

இன்னொரு விசித்திரத்தையும் சொல்லியாக வேண்டும். ரயில் விபத்துகளை விசாரிக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. தன் தப்பைத் தானே விசாரிக்கக் கூடாது என்பதற்காக 1941-லேயே ரயில்வேயிடமிருந்து பிரிக்கப்பட்ட அமைப்பு அது. நல்ல ஏற்பாடு. ஆனால் விமான விபத்துகளை விசாரிக்கும் பிரிவு? அதுவும் அதே விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ். கன்ட்ரோலர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் விமான நிலைய ஆணையமும், விதி போடும் இயக்குநரகமும் அதே அமைச்சகம். ரயிலுக்குப் புரிந்த நியாயம் விமானத்துக்கு மட்டும் எண்பது வருஷமாகப் புரியவில்லை. விசாரிப்பவரும் விசாரிக்கப்படுபவரும் ஒரே வீட்டில் குடியிருந்தால், பழி வாசலில் நிற்கும் காவல்காரர் மேல்தான் போய் விழும்.

*

2024 அக்டோபர் 11 மாலை, திருச்சி. ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 613-ல் ஹைட்ராலிக் கோளாறு. எரிபொருள் நிறைந்த வயிற்றோடு இறங்க முடியாது. திருச்சி, புதுக்கோட்டை வானத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டமடித்தது. கீழே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் வரிசையில் நின்றன. டிவியில் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ வீடுகளில் அடுப்பு அணைந்து கிடந்தது. ராத்திரி எட்டே கால் மணி வாக்கில் 141 பயணிகளும் பத்திரமாக இறங்கினார்கள்.

எல்லோரும் பைலட்டுகளைக் கொண்டாடினார்கள். தகும். அந்த இரண்டு மணி நேரமும் வானத்தைக் காலி செய்து வைத்த கன்ட்ரோலர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. ஹைட்ராலிக் ஏன் போனது என்ற கேள்வி அடுத்த வாரத்துச் செய்தியிலேயே மறைந்தது. கெட்டது நடந்தால் ஒரு வில்லன், நல்லது நடந்தால் ஒரு ஹீரோ. நடுவே இருக்கும் நாற்காலி, ரேடார், போன் லைன், காலிப் பணியிடம், கையெழுத்தாகாத ஃபைல் – இவை யார் கண்ணிலும் படுவதில்லை.

திருச்சியில் இறங்கி வருகிற பிள்ளைகளுக்காகக் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வேன் எடுக்கிற குடும்பங்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. அடுத்து எங்கேனும் ஒரு விபத்து நடந்து, ‘ஊழியர் சஸ்பெண்ட்’ என்று செய்தி வந்தால் அதோடு டிவியை அணைத்துவிடாதீர்கள். விசாரணை அறிக்கை எப்போது வரும், அதில் சொன்னதில் எதை நிறைவேற்றினார்கள், விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தில் காலியாகக் கிடந்த அந்த 510 இடங்களில் எத்தனை நிரம்பியது என்று உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் ஓட்டுக் கேட்டு வரும்போது அவர் முகத்துக்கு நேரே கேளுங்கள். செம்மங்குப்பம் கேட்டையும் அவருக்கு ஞாபகப்படுத்துங்கள்.